நோட்டைக் கிழித்தால் யாருக்கு லாபம்?

"நியூஸ் முடிஞ்சுதா?"

தியேட்டர் கதவை ஒரு சாண் திறந்து, இருட்டுக்குள் தலையை நீட்டி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் இப்படிக் கேட்பார்கள். "இல்லை, அணைக்கட்டு ஓடுது" என்று உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்வார்கள். தலை மறையும். கொஞ்சம் பீடிப் புகை மட்டும் கதவிடுக்கு வழியே உள்ளே வரும். எழுபதுகளில் ஸ்ரீரங்கத்திலோ திருச்சி டவுனிலோ படம் பார்த்தவர்களுக்கு, படத்துக்கு முன்னால் ஓடும் அரசுச் செய்திப்படத்தின்போது நடக்கும் இது நினைவிருக்கும்.

இதையே சாட்சியாக வைத்துத்தான் என் நண்பர் வாதாடினார். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலை நடை முடிந்து அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். "அந்தக் காலத்துக் கரண்டுப் படங்களையெல்லாம் துடைச்சு டிஜிட்டல் பண்றாங்களாம். எதுக்குங்கிறேன்? ஒரு அணை, நாலு டவர், பொத்தானை அமுக்கற மந்திரி, கை தட்டற கூட்டம், பின்னாடி கணீர்னு ஒரு குரல். கொஞ்ச வருஷம் கழிச்சு அதே குரல், ஃபேனை அணை, லைட்டை அணைன்னு. ஒருத்தனும் பார்க்கலை. பார்த்தவன் நம்பலை. சர்க்கார் தனக்குத்தானே அடிச்சுக்கிட்ட தம்பட்டம். மக்கிப்போனா என்னய்யா குறைஞ்சுடும்?"

இது அவர் ஒருவருடைய கருத்து என்றால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து விட்டிருப்பேன். படித்தவர்கள் நாலு பேர் கூடினால் இதுதான் பேச்சு. அரசுச் செய்திப்படம் என்றாலே ஒரு நமட்டுச் சிரிப்பு. அவற்றை எடுத்த மத்திய அரசுப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷனை 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்தார்கள். அந்தக் கிடங்கில் இருக்கும் 8,000க்கு மேற்பட்ட படங்களின் கதி என்ன என்று திரைப்படக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். அப்போதும் இங்கே காதில் விழுந்தது, "அந்தக் குப்பைக்கா இந்தக் கூப்பாடு?" என்பதுதான்.

அவை பிரசாரம் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. சர்க்கார் பணத்தில் எடுத்து, சர்க்கார் ஆள் பார்த்து ஒப்புதல் கொடுத்த படம் வேறு எப்படி இருக்கும்? பிரசாரம், ஆகவே குப்பை என்கிறார்களே, அந்த 'ஆகவே'யில்தான் என் சண்டை.

முதலில், ஒருத்தனும் பார்க்கவில்லை என்கிற பேச்சு. ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948ல் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் சேர்த்து, வாராவாரம் செய்திப்படமும் ஆவணப்படமும் அனுப்பிக்கொண்டிருந்தது. அவற்றைப் போட்டாக வேண்டும் என்பது தியேட்டர் லைசென்சின் நிபந்தனை. போடுவதற்கு வாடகையாக நிகர வசூலில் நூற்றுக்கு ஒன்று தியேட்டர்காரர்தான் கட்ட வேண்டும். கசப்பு தாங்காமல் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1999ல் தோற்றார்கள். எங்கள் ஊர்த் தியேட்டரில் ரீல் பழையதாக இருக்கும், கீறல் மழையாகப் பெய்யும், தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகும் பழைய மந்திரி வந்து அடிக்கல் நாட்டுவார். ஆனாலும் ஓடும்.

வெளியே போய்ப் பீடி பிடித்தவர்கள் ஆண்கள். பெண்கள் பக்கத்தில் அப்படி எழுந்து போக முடியாது. மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை, எழுந்தால் இடம் போய்விடும். என் அம்மா ஆயுசில் மேட்டூருக்குப் போனதில்லை. ஆனால் பதினாறு கண் மதகில் தண்ணீர் எப்படி நுரைத்துக்கொண்டு விழும் என்று நேரில் பார்த்தவள் போலக் கையை விரித்துச் சொல்வாள். அவள் பார்த்தது அந்தக் 'குப்பை'யில்தான். பீடி பிடித்தவர்களின் ஞாபகம் ஊரின் ஞாபகமாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

டூரிங் டாக்கீஸை நினைத்துப் பாருங்கள். முசிறிப் பக்கமோ லால்குடிப் பக்கமோ, இன்னும் கம்பம் நடாத ஊரில் கீற்றுக் கொட்டகை. வெளியே ஆயில் இன்ஜின் தடதடவென்று ஓடும். உள்ளே அந்த இன்ஜின் கொடுக்கும் வெளிச்சத்தில், உங்கள் ஊருக்குக் கரண்டு வரப்போகிறது என்று திரை சொல்லும். மணலில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தம்பட்டமாகவா கேட்டிருக்கும்? எப்போது வரும் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பாத்தியதையே உண்டு. 1905ல் இங்கே ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபான் என்கிற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் இங்கே தங்கிவிட, அவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பிற்பாடு கோவையில் வெரைட்டி ஹால் நடத்தியபோது அதற்கென்று சொந்தமாக மின் இயந்திரமும் வைத்துக்கொண்டார். பைக்காராவிலிருந்து கரண்டு இறங்கிவர 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சினிமாவும் கரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கியவை. ஒன்றைப் பற்றி இன்னொன்று எடுத்த படத்தைக் குப்பை என்பது எங்கள் ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அடுத்து, 'பிரசாரம்தானே, போகட்டும்' என்கிற அலட்சியம். இதை இந்த நாடு ஒரு தடவை பட்டே பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943ல், பிரிட்டிஷ் சர்க்கார் 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு பிரிவை நடத்தியது. போருக்கு ஆள் சேர்க்கிற, யுத்த நிதி கேட்கிற படங்கள். நம் தலைவர்களுக்கு அது எரிச்சலூட்டியதில் நியாயம் இருந்தது. 1946ல் அதற்குப் பணம் மறுத்து மூடினார்கள். அடுத்த ஆண்டே ஆகஸ்டு 15 வந்தது. செங்கோட்டையும் நாடாளுமன்றமும் அந்த நள்ளிரவும் வந்தபோது, படம்பிடிக்கச் சொந்தமாக ஒரு அரசுப் படப்பிரிவு இந்தியாவிடம் இல்லை. இன்று வருஷா வருஷம் தொலைக்காட்சியில் காட்டுகிற காட்சிகள் தனியாரும் வெளிநாட்டு நியூஸ் ரீல் நிறுவனங்களும் எடுத்த துண்டுகள். சுதந்திரம் வந்த மறு வருஷமே ஃபிலிம்ஸ் டிவிஷன் தொடங்க வேண்டியிருந்ததற்கு இந்தச் சூடும் ஒரு காரணம்.

வரலாறு படித்த நண்பருக்கு இது தெரியாததில்லை. "அது சரி, அது சரித்திர நாள். டவர் நடறது சரித்திரமா?" என்றார். ஆமாம் என்கிறேன். அதைச் சொல்லப் புரோநோட்டு வரைக்கும் போக வேண்டும்.

புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியவர்கள், கொடுத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும், அதில் இலக்கிய நயம் எதுவும் இருக்காது. ஒரே அச்சு வாசகம். கேட்கும்போது அசலும் வட்டியுமாகத் தருகிறேன் என்று ஒரு வரி, ஸ்டாம்பு, கையெழுத்து. அதை எடுத்து வைத்துக்கொண்டு, நடை வறட்சியாக இருக்கிறது, இதில் கலை இல்லை என்று யாராவது கிழித்துப் போடுவார்களா? கிழித்தால் யாருக்குச் சந்தோஷம்? கடன் வாங்கினவனுக்கு.

ஐம்பதுகளின், அறுபதுகளின் மின்சாரப் படங்கள் எல்லாம் அப்படி எழுதிக்கொடுத்த நோட்டுகள். சர்க்கார் ஜனங்களிடம் நிலம் கேட்டது, வரி கேட்டது, பொறுமை கேட்டது. பதிலுக்கு என்ன தருவேன் என்று படமாகவே பிடித்துக் கொடுத்தது. அந்தக் காலத்தில் இங்கே எழும்பியவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1957 ஜூலை 1ல் மின்சார வாரியம் பிறந்தது. கொழும்புத் திட்டத்தில் கனடா கை கொடுக்க, நீலகிரியில் குந்தா மின்திட்டம். சோவியத் துணையோடு நெய்வேலி. 1961ல் நிலக்கரி வெளியே வந்தது, மறு வருஷம் அதை எரித்துக் கரண்டு எடுத்தார்கள். திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகியக்காரர்கள் வந்து உட்கார்ந்து கொதிகலன் தொழிற்சாலை. இவைதான் செய்திப்படங்களின் தீனி. கதை ஒரே அச்சு: வரைபடத்தில் ஆற்றிலிருந்து ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து வரும், ஊரைத் தொட்டதும் புள்ளி வெளிச்சமாகும், அப்புறம் ஒரு பையன் பல்பு வெளிச்சத்தில் படிப்பான், பம்புசெட்டில் தண்ணீர் பீறிடும். இதெல்லாம் உங்களுக்கு வரும் என்பதுதான் வாசகம். பேசுவது சர்க்கார், கடன் சொல்வதும் சர்க்கார். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர் கடன் கொடுத்தவர்.

எல்லாமே ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோட்டில் ஒரு பெரிய பகுதி அடைந்திருக்கிறது. பல மாநிலங்களை முந்திக்கொண்டு இங்கே கிராமங்களுக்குக் கம்பி போனது. பம்புசெட் இணைப்புகளில் தமிழ்நாடு பல காலம் முன்னால் நின்றது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984ல் சிறு விவசாயிகளுக்கு, கருணாநிதி ஆட்சியில் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். 2016ல் ஜெயலலிதா கையெழுத்திட்ட 100 யூனிட் இன்றும் ஒவ்வொரு வீட்டுக் கணக்கிலும் கழிகிறது. எது அடைந்தது, எது பாக்கி என்று கணக்குப் பார்க்கவாவது நோட்டு கையில் வேண்டாமா?

நண்பர் மறந்த இடம் ஒன்று உண்டு. "கொஞ்ச வருஷம் கழிச்சு அதே குரல்" என்றாரே, அந்தக் கொஞ்ச வருஷத்துக்குள் நடந்ததுதான் எல்லாம்.

1973ல் எண்ணெய் விலை ஏறியது. 1978ல் பெட்ரோலியச் சிக்கனத்துக்காகவே பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பு வந்தது. அதற்குப் பிறகு தியேட்டரிலும் அப்புறம் தூர்தர்ஷனிலும் வந்த படங்களின் இலக்கணமே வேறு. அணை போயிற்று, டவர் போயிற்று, வரைபடம் போயிற்று. காமிரா வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேன். மூடாத பாத்திரம். சிக்னலில் அணைக்காத வண்டி. குக்கர் வையுங்கள், பருப்பை ஊறவையுங்கள், அடுப்புத் திரியைச் சுத்தம் செய்யுங்கள். குரல் அதேதான், ஆனால் அது இப்போது எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை, கேட்கிறது. கடன்பட்டவர் இடத்துக்கு நாம் வந்துவிட்டோம். நோட்டு எந்த நாளில் எந்த மேஜையில் கை மாறியது என்று யாரும் அறிவிக்கவில்லை. இரண்டு ரீலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒழிய அது தெரியாது. முதல் ரீல் தம்பட்டம், இரண்டாவது நல்லுரை என்று தனித்தனியாகப் பார்க்கும்வரை இரண்டிலும் குற்றம் இல்லை.

அந்த நல்லுரை யாருக்குச் சொல்லப்பட்டது? எங்கள் வீட்டில் அப்போது பம்ப் ஸ்டவ். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு விடிகாலையில் டின்னை வரிசையில் வைத்து இடம் பிடிப்போம். அரிசியைக் களைந்து ஊறப்போட்டு, காய் நறுக்கி, புளி கரைத்து, எல்லாம் தயாரான பிறகுதான் அம்மா ஸ்டவ்வுக்குப் பின் குத்துவாள். சாதம் கொதித்ததும் இறக்கி, மூடி, அதன் சூட்டிலேயே வேகவிடுவாள். அவளிடம் வந்து பாத்திரத்தை மூடிச் சமையுங்கள் என்றது திரை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவமானமும் இல்லை, கோபமும் இல்லை. 'இதுக்கு ஒரு படமா' என்கிற மாதிரி பக்கத்து மாமியைப் பார்த்துச் சிரித்தாள்.

வீணாகிற இடம் வேறு. 2000–01ல் நாடு முழுவதும் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்பியில் சூடாகியும் திருடு போயும் கணக்கில் வராமலும் போனது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கே சொல்வது. நம் மாநிலத்தில் நஷ்டம் அதைவிடக் குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தேய்ந்த டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுங்கள் என்று வாரியத்துக்கோ, தனக்கு மேலே இருக்கிற அமைச்சகத்துக்கோ உபதேசம் செய்கிற ஒரு சிக்கனப் படம் தியேட்டரில் ஓடி நான் பார்த்ததில்லை. 2001ல் எரிசக்திச் சிக்கனச் சட்டம் வந்தது. எரிசக்திச் சிக்கன நாளான டிசம்பர் 14ல் ஊருக்கு ஊர் ஊர்வலம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. நல்லது. ஆனால் வீட்டு விளக்கில் உண்மையாகவே யூனிட்டைக் குறைத்தது ஊர்வலம் இல்லை. அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதில் எல்இடி பல்பின் கொள்முதல் விலை 2014ல் 310 ரூபாயிலிருந்து மூன்றே வருஷத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. விலை இறங்கியதும் ஜனங்கள் தானாக மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கத் தேவைப்படவில்லை.

இப்போது திருச்சிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வழக்கின் முக்கிய சாட்சி இங்கேதான் இருக்கிறது.

பெல் என்று நாங்கள் சொல்லும் அந்தத் திருவெறும்பூர்த் தொழிற்சாலை அனல் மின்நிலையங்களுக்கு உயர் அழுத்தக் கொதிகலன் செய்வது. எண்ணூருக்குப் போனது, அப்புறம் நாட்டின் நாலா மூலைக்கும் போனது. அதை நம்பித் துவாக்குடியில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். வெல்டிங் பொறி பறக்காத தெரு கிடையாது. எங்கள் பையன்களில் பாதிப் பேர் ஐடிஐ முடித்து அந்தப் பக்கம்தான் போனார்கள். நாட்டுக்கே விளக்கேற்றுகிற ஊர் என்று இதைப் பற்றிப் படம் எடுத்தால் அதில் பொய் ஒரு சொல்லும் இருக்காது.

2008 நவம்பரிலிருந்து உயர் அழுத்த இணைப்புத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரக் கட்டுப்பாடு வந்தது. 40 சதவீதம் வெட்டு. 2012ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற ஊர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும். கொதிகலன் செய்கிற ஊரில் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. டீசல் கட்டுப்படியாகாதவை ஷட்டரை இறக்கின. ஸ்ரீரங்கத்தில் அக்னி நட்சத்திரத்து இரவுகளில் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் வந்தார்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டுக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் புத்தகத்தோடு போனார்கள். அந்தச் சமயத்திலும் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்ற விளம்பரம் நிற்கவில்லை. இல்லாத கரண்டை எப்படிச் சிக்கனம் பண்ணுவது என்று கேட்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

அந்த இரவுகளில் யாராவது 1960களின் ரீலைக் கொண்டுவந்து ஒரு ஜெனரேட்டர் வைத்துத் தெருமுனையில் போட்டிருக்க வேண்டும். வேறு பேச்சே வேண்டாம். ஓடட்டும், வரைபடத்தில் அந்தக் கோடு ஊர்ந்து வந்து திருச்சியைத் தொடட்டும். எந்தப் பட்டிமன்றப் பேச்சாளரும் கேட்க முடியாத கேள்வியை அது கேட்டிருக்கும்.

இதற்கெல்லாம் நண்பர் அசையவில்லை. அவருடைய கடைசி வாதம் கொஞ்சம் கனமானது. அதை மட்டும் நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். "நோட்டுங்கிறே. நோட்டுல எழுதாம விட்டது எவ்வளவு? மேட்டூர்ல முங்கின ஊர்க்காரன் எந்தப் படத்துல வந்தான்? நெய்வேலில நிலத்தைக் கொடுத்தவன் பேசினானா? அவனை மறைச்ச படத்தைப் பாதுகாக்கறது அவனை இன்னொரு தடவை முழுக்கடிக்கறதுதானே?"

உண்மை. 1934ல் திறந்த மேட்டூர் அணையில் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்க வேண்டுமானால் ஊர்கள் உள்ளே போயாக வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி தலை தூக்குகிறது, பழைய தேவாலயக் கோபுரம் எழுந்து நிற்கிறது; செய்தித்தாள்காரர்கள் படம் எடுக்கிறார்கள்; மழை வந்ததும் இரண்டும் மறுபடி உள்ளே போகின்றன. இன்னொன்றையும் அந்த வரைபடங்கள் சொல்லாது: 1937ல் ஓடத் தொடங்கிய மேட்டூர் அணை மின்நிலையம் பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீரில் ஓடுவது. ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது முறை. மேலேயிருந்து வரவில்லை என்றால் வயலுக்கும் இல்லை, விளக்குக்கும் இல்லை. திரையில் ஆறு எப்போதும் நிறைந்து ஓடும். நெய்வேலிக் கதை இன்னும் முடியவே இல்லை. 2023ல் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காக, வயலில் நின்ற நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கியதை நாடே பார்த்தது.

மறைத்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மறைத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? மறைத்த படத்தை வைத்துத்தான். எழுதிய குரல் ஒன்று சொல்லும், காமிரா தன்பாட்டுக்கு இன்னொன்றைப் பிடித்துவிடும். குரல் நவீன இயந்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்க, சட்டகத்தின் ஓரத்தில் சும்மாட்டில் ஜல்லி சுமந்து வரிசையாக ஏறும் பெண்களைப் பாருங்கள். வெறுங்காலோடு நிற்கிறார்கள், தலையில் தொப்பி கிடையாது. மந்திரி பொத்தானை அமுக்கும் காட்சியில் கூட்டத்தின் பின்வரிசையைப் பாருங்கள். யார் கை தட்டுகிறார்கள், யார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை வெட்டியெடுக்க எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்களுக்கு வேறு எந்தப் பதிவேட்டிலும் முகம் இல்லை. கூலிப் பட்டியலில் கைநாட்டு இருக்கும். முகம் இந்த ரீலில் மட்டும்தான்.

தவிர, அந்த நிறுவனத்துக்குள்ளும் எல்லாரும் ஜால்ரா போட்டார்கள் என்பது சரியில்லை. 1967ல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி, 1947 ஆகஸ்டு 15ல் பிறந்தவர்களை இருபது வயதில் உட்காரவைத்துப் பேசவிட்டு 'ஐ ஆம் 20' எடுத்தார். அதே வருஷம் கே.எஸ். சாரியும் டி.ஏ. ஆபிரகாமும் எடுத்த 'ஃபேஸ் டு ஃபேஸ்' படத்தில் ஜனநாயகம் எங்களுக்கு என்ன தந்தது என்று சாதாரண ஜனங்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். சர்க்கார் பணத்தில் எடுத்தவைதான் இவையும். கிடங்கைக் கொளுத்தினால் இவையும் சேர்ந்துதான் எரியும்.

பழைய பிரசாரத்தைக் கொளுத்தாமல் காத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்று அணைகளின் கரண்டை விற்க 1937ல் பொன்வில் மின் நிர்வாகம் என்று ஒன்றை அமைத்தார்கள். நம் வாரியம் மாதிரி ஒரு வட்டார அமைப்புதான். 1941ல் பாட்டுக்காரர் வுடி கத்ரியை ஒரு மாதச் சம்பளத்துக்கு வைத்து ஆற்றையும் அணையையும் பற்றிப் பாட்டு எழுதவைத்தார்கள்; 1949ல் 'தி கொலம்பியா' என்று படமும் வந்தது. பிற்பாடு அவர்களும் நம்மைப் போலவே அணைப் படத்திலிருந்து சிக்கனப் படத்துக்கு மாறினார்கள். அவர்கள் படங்களும் மறைத்தன: 1957ல் ஒரு புது அணையின் நீர் ஏறியதில், பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த செலிலோ அருவி சில மணி நேரத்தில் மூழ்கியது. ஆனால் அந்த நிர்வாகமே தன் பழைய படங்களைத் தேடியெடுத்து, துடைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது. அணையை மெச்சுகிறவரும் பார்க்கிறார், அருவியை இழந்தவரின் பேரனும் பார்க்கிறார். மெச்சுவதும் வழக்குப் போடுவதும் அவரவர் பாடு.

இங்கே நாம் பழையதை என்ன செய்தோம்? கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது என்று உருக்கினோம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த முதல் மௌனப்படம் 'கீசக வதம்' இன்று ஒரு அடி கூட இல்லை. உருக்காமல் தப்பிய அசிடேட் சுருள் டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் சுருங்கி, நெளிந்து, சீக்கிரமே தொட முடியாததாகிவிடும். பக்கத்தில் வைத்த நல்ல சுருளையும் கெடுக்கும். மக்கட்டும் என்று சொல்ல ஒரு முடிவும் எடுக்க வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

நான் கேட்பது கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆராதிக்க அல்ல. பெல் குடியிருப்பான கைலாசபுரத்தில் ஒரு சமூகக் கூடம் போதும். நெய்வேலி, குந்தா, மேட்டூர், திருவெறும்பூர் என்று கிடைக்கிற ரீலெல்லாம் ஒரு பக்கம், எழுபதுகளுக்குப் பிந்தைய சிக்கனப் படங்கள் ஒரு பக்கம். மாற்றி மாற்றிப் போட வேண்டும். பார்க்க வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற லைன்மேன்களைக் கூப்பிட வேண்டும், பெல்லில் வெல்டிங் பிடித்தவர்களை, துவாக்குடியில் ஷட்டரை இறக்கியவர்களை, முடிந்தால் பண்ணவாடியிலிருந்து நாலு பெரியவர்களை. படம் ஓடும்போதே பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சையும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்து ரீல்களில் குறைந்தது அது ஒன்றுதான்.

நண்பர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். ஆற்றில் முழங்காலளவுதான் தண்ணீர். "போடு, வரேன்" என்றார். "ஆனா நியூஸ் முடிஞ்சப்புறம்தான் வருவேன்."